குளிர்கால அலங்காரமும் எங்கள் வீட்டுப் பேணிகளும்



கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் எங்கள் காப்பெல் பக்கத்துக் கடைகளின் முகமே மாறிவிடும். வாசலிலேயே பளபளக்கும் பந்துகளும், பிளாஸ்ரிக் மாலைகளும், காற்றடித்துப் பெருப்பிக்கிற பனிமனிதர்களும் வந்து நின்றுவிடும். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள். நாங்களும் வாங்குவோம். தை முடிவதற்குள் வாங்கியதிலே பாதி உடைந்து குப்பைக்குப் போகும். மற்றப் பாதி கராஜிலே ஒரு பெட்டிக்குள்ளே தூசி பிடித்துக் கிடக்கும்.

எங்கள் சமையலறையிலே தினமும் நாங்கள் எறிகின்ற பேணி, மட்டை, போத்தல், கடதாசி இவற்றைக்கொண்டு, பிள்ளைகளோடு சேர்ந்திருந்து குளிர்கால அலங்காரங்கள் செய்வது எப்படி என்பதே இந்த மாதம் நான் பேச எடுத்துக்கொண்ட விடயம். செய்முறைகளைச் சொல்லப்போகிறேன். அதோடு, போரினாலே ஊரை விட்டு வந்த எங்களைப் போன்ற குடும்பங்களிலே இந்த வேலைக்கு ஒரு தனி இடம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அது ஏன் என்பதையும் சொல்கிறேன்.

முதலிலே ஒரு மறுப்பைப் பார்ப்போம். இந்தப் பேச்சை எடுத்தவுடனே எனக்குத் தெரிந்த ஒரு தகப்பன் சொன்னார்: "நாங்கள் சின்னனிலே பேணியும் சிரட்டையும் வைச்சு விளையாடினது காணும். என்ர பிள்ளை ஏன் பேணி பொறுக்க வேணும்? அதுக்காகவோ நான் இரண்டு வேலை செய்தனான்?"

அவருடைய கோபத்திலே நியாயம் இருக்கிறது. இல்லாமையை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் கசப்புத் தெரியும். பழைய சாமானைக் கையிலே எடுத்தால் பழைய நாட்களும் சேர்ந்து வந்துவிடுமோ என்ற பயமும் அதற்குள்ளே இருக்கிறது. புதுப் பெட்டியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது அந்த நாட்களைத் தாண்டிவிட்டோம் என்ற ஒரு நிம்மதி வருகிறது. அதை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் அவரிடம் நான் ஒன்று கேட்டேன். அந்த நாட்களிலே எங்களிடம் இருந்தது இல்லாமை மட்டும்தானா?

1990 இல் போர் மீண்டும் மூண்ட பிறகு யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை வந்தது. பற்றரி வராது, பெற்றோல் வராது, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. அப்போதுதான் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. எங்கள் வயதுக்காரர் ஒருவருக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஒரு வெறும் ஜாம் போத்தல். அடியிலே கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். கம்பியோ தகரத்துண்டோ பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு மெல்லிய திரி. வீட்டுக்கு வீடு செய்முறை கொஞ்சம் மாறும். சிமினி விளக்கு குடிக்கிற எண்ணெயோடு பார்த்தால் இது குடிப்பது சொட்டுக் கணக்குத்தான். காற்றுப் பட்டு அணையாமல் போத்தலே காவலாக நிற்கும். அந்த வெளிச்சத்திலே படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறை இருக்கிறது. நானும் அந்த விளக்கடியிலே இருந்து படித்தவள்தான்.

பற்றரி இல்லாதபடியால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாலே சுற்றி, டைனமோவிலே வானொலி கேட்டோம். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். சுற்றுகிறவருக்குக் கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். வானொலியிலே பேசும்போது இதை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை. அச்சுத்தாள் கிடைக்காத காலத்திலே பத்திரிகைகள் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாகி வந்தன.

இவற்றை ஏழ்மையின் கதைகளாக மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும். ஒரு பொருளைப் பார்த்தவுடனே "இதை வேறு எதற்குப் பாவிக்கலாம்?" என்று கேட்கிற மூளையும், கேட்டதைச் செய்து முடிக்கிற கையும் எங்களிடம் இருந்தன. அது எங்கள் சொத்து. வீட்டையும் காணியையும் விட்டுவிட்டு வரும்போது கையோடு கொண்டுவரக்கூடியதாக இருந்த சொத்தும் அதுதான். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டால் எங்களோடு அது முடிந்துவிடும்.

2021 பெப்ரவரியிலே ரெக்சாஸ் கண்ட உறைபனிப் புயல் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெப்ரவரி 16 ஆந் திகதி எங்கள் பக்கத்து டலஸ் - ஃபோர்ட் வேர்த் விமான நிலையத்திலே வெப்பநிலை பாரன்ஹைற் கணக்கிலே பூச்சியத்துக்குக் கீழே 2 பாகை. 1949 க்குப் பிறகு இங்கே அப்படியொரு குளிர் பதிவாகவில்லை. மாநிலம் முழுவதும் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் வணிக இடங்களும் மின்சாரம் இழந்தன. எங்கள் பிள்ளைகள் வாழ்க்கையிலே முதல் தடவையாக உண்மையான இருட்டைக் கண்டார்கள். அந்த இரவுகளிலே பல வீடுகளிலே பெரியவர்கள் ஜாம் போத்தல் விளக்கின் கதையைச் சொன்னார்கள். வெளிச்சம் வந்த பிறகு கதை நின்றுவிட்டது. கதை சொல்வதற்கு இன்னொரு மின்வெட்டு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு மேசையும், கொஞ்சம் பேணியும் மட்டையும், ஒரு சனிக்கிழமைப் பின்னேரமும் போதும்.

இனிச் செய்முறைக்கு வருவோம்.

முதல் வேலை சேர்ப்பது. கார்த்திகை மாதத் தொடக்கத்திலேயே சமையலறை மூலையிலே ஒரு காட்போட் பெட்டியை வையுங்கள். அதிலே பிள்ளையின் கையாலே தமிழிலே "எறியாதே" என்று எழுதி ஒட்டுங்கள். அதற்குள்ளே போடக்கூடியவை எங்கள் வீடுகளிலே நிறைய இருக்கின்றன. தேங்காய்ப்பால் ரின், மீன் ரின், பால்மாப் பேணி, ஊறுகாய்ப் போத்தல், முட்டைப் பெட்டி, சீரியல் பெட்டி, தேயிலைப் பெட்டி, பசுமதி அரிசி வருகிற துணிப்பை, மளிகைக் கடைப் பழுப்புக் கடதாசிப் பை, தபாலிலே வருகிற விளம்பரத் தாள், கடதாசித் துவாயின் நடுவிலே இருக்கிற உருளை, பழைய சீலைக் கரை, சட்டைத் தெறி. மீன் ரின்னைச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு இரண்டு தரம் கழுவி, வெயிலிலே காயவைத்து எடுங்கள். இல்லாவிட்டால் அலங்காரத்தை வீட்டுப் பூனைதான் இரசிக்கும்.

ஒட்டுவதற்குப் பசை வேண்டும். ஊரிலே பட்டம் கட்டும்போது நறுவிலிப் பழத்தைப் பிதுக்கி ஒட்டியவர்கள் இருக்கிறீர்கள். இங்கே நறுவிலிக்கு எங்கே போவது? கோதுமை மா போதும். ஒரு மேசைக்கரண்டி மாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரிலே கட்டியில்லாமல் கரையுங்கள். பிறகு இன்னும் ஐந்தாறு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பிலே கிளறுங்கள். கூழ் பதம் வந்து பளபளக்கும்போது இறக்கி ஆறவிடுங்கள். கடதாசிக்கும் மட்டைக்கும் இது நன்றாகப் பிடிக்கும். அன்றன்று செய்து அன்றன்றே பாவிப்பது நல்லது. கூழ் காய்ச்சின அம்மம்மா வீட்டிலே இருந்தால் இந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். பதம் பார்க்க அவரை விட்டால் ஆளில்லை.

முதலிலே கடதாசிப் பனிப்பூ. காப்பெலிலே பனி கொட்டுவது அருமை. சில வருடங்களிலே ஒருநாள் விழும், அடுத்த நாள் மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். ஆகவே எங்கள் பனியை நாங்களே வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

தொடங்க முதல் பிள்ளைகளோடு ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம். தமிழிலே பனி என்றால் விடியக்காலையிலே புல்லிலே நிற்கிற துளியும் பனிதான், மார்கழியிலே மூடுகிற புகாரும் பனிதான். வானத்திலிருந்து பஞ்சு மாதிரி விழுவதைக் காணாத நாட்டிலே அதற்கென்று ஒரு தனிச் சொல் வழக்கிலே வரவில்லை. இப்போது வெண்பனி, உறைபனி என்று சொல்லுகிறோம். ஆனால் கல்லுக்கல்லாக விழுவதற்கு எங்களிடம் பழைய சொல் இருக்கிறது: ஆலங்கட்டி. ரெக்சாஸ் பிள்ளைகளுக்கு அது மிகவும் தேவையான சொல். இளவேனிலிலே வந்து காரின் கூரையிலே பள்ளம் போடுவது அதுதானே.

பனிப்பூவுக்கு வழக்கமாக ஆறு இதழ். எட்டு இதழ் வைத்து அச்சடித்த வாழ்த்து மட்டைகள் கடையிலே கிடக்கும். இயற்கையிலே அப்படி இல்லை. உறைகிறபோது நீரின் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்குப்படுகின்றன. அந்த ஆறு மூலைகளிலிருந்துதான் கைகள் வளர்கின்றன. அமெரிக்காவிலே வெர்மொன்ற் மாநிலத்து ஜெரிக்கோ என்ற ஊரிலே வில்சன் பென்ற்லி என்று ஒரு விவசாயி இருந்தார். 1885 இலே, தனக்கு 19 வயதாக இருக்கும்போது, நுணுக்குக்காட்டியோடு கமெராவை இணைத்து ஒரு தனிப் பனிப்பூவைப் படம் பிடித்தார். சாகும்வரை 5000 க்கும் மேலே படம் எடுத்தார். 1931 இலே அவை பெரிய புத்தகமாக வந்தன. யப்பானிலே உக்கிச்சிரோ நகாயா என்ற அறிஞர் 1936 இலே ஒரு முயல் உரோமத்தின் நுனியிலே பனிப்பூவைச் செயற்கையாக வளர்த்துக் காட்டினார். ஒரு விவசாயியும் ஒரு முயல் உரோமமும் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் கையிலே இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். முருகனுக்கு எத்தனை முகம் என்று கேட்டால், ஆறு என்ற கணக்கு மனதிலே நன்றாகப் பதிந்துவிடும்.

வெட்டுகிற முறை இதுதான். விளம்பரத் தாளையோ பழைய பத்திரிகையையோ சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை வைத்து மடித்தால் முக்கோணம். அதை மறுபடி பாதியாக மடித்தால் சின்ன முக்கோணம். இப்போது மடிப்புகள் இரண்டும் சந்திக்கிற மூலை எது என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுதான் தாளின் நடுப்புள்ளி. அந்த மூலையை உங்கள் பக்கம் வைத்துக்கொண்டு, முக்கோணத்தை மூன்று சம பங்காக, வலப்பக்கம் ஒருதரம் இடப்பக்கம் ஒருதரம், ஒன்றின்மேல் ஒன்றாக மடியுங்கள். கச்சான் சரையைத் தட்டையாக்கியதுபோல ஒரு வடிவம் வரும். மேலே சமனில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்பதை நேராக வெட்டிவிடுங்கள். பிறகு இரண்டு ஓரங்களிலும் அரைவட்டம், முக்கோணம், மாங்காய் வடிவம் என்று விருப்பப்படி வெட்டலாம். ஓரம் முழுவதையும் அறுத்துவிடக்கூடாது, அவ்வளவுதான். மெதுவாக விரித்தால் ஆறு இதழ்ப் பூ. பன்னிரண்டு மடிப்பு சேர்வதாலே தடித்த தாள் சரிவராது. சின்னக் கைகளுக்கு மெல்லிய தாளே நல்லது.

அடுத்தது பேணி விளக்கு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தேங்காய்ப்பால் ரின்னின் தாளை உரித்துவிட்டு, வாயோரம் கூராக இல்லையா என்று பெரியவர் ஒருவர் தடவிப் பார்க்கவேண்டும். கூராக இருந்தால் குறட்டாலே நெரித்து, மேலே ரேப் ஒட்டுங்கள். பிறகு ரின்னிலே வாயிலிருந்து இரண்டு விரல் குறைவாகத் தண்ணீர் விட்டு, பிரிட்ஜின் ஐஸ் தட்டிலே ஒரு இரவு வையுங்கள். உள்ளே ஐஸ் கட்டி இருந்தால் ஆணி அடிக்கும்போது தகரம் நெளியாது. அடிப்பக்கம் கொஞ்சம் புடைக்கலாம், அதைத் தட்டிச் சரிசெய்யலாம்.

ஒரு கடதாசித் துண்டிலே புள்ளிக் கோலம் ஒன்றைப் போட்டு ரின்னைச் சுற்றி ஒட்டுங்கள். ரின்னை மடித்த துவாயிலே கிடத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியை வைத்துச் சுத்தியலாலே தட்டுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவரின் பக்கத்திலே இருந்து செய்யலாம். சின்னவர்கள் புள்ளி வைக்கட்டும், எண்ணட்டும். எல்லாப் புள்ளியும் முடிந்ததும் ஐஸைக் கரையவிட்டு, துடைத்து, உள்ளே பற்றரியிலே எரிகிற சின்ன எல்.ஈ.டி. விளக்கை வைத்து, அறை விளக்கை அணையுங்கள். சுவர் முழுக்கக் கோலம் விழும்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு இதை வாசலிலே வைக்கலாம். ஊரிலே விளக்கீட்டன்று படலையடியிலே வாழைக்குற்றி நட்டு, அதன்மேலே விளக்கேற்றி வைத்தோமே, அந்த இடத்திலே இங்கே இது நிற்கட்டும். எங்களுக்குப் பக்கத்திலே வாழுகிற மெக்சிக்க வம்சாவளி மக்களிடமும் இதுபோல ஒரு வழக்கம் இருக்கிறது. பழுப்புக் கடதாசிப் பைக்குள்ளே கொஞ்சம் மணல் போட்டு, நடுவிலே மெழுகுதிரி வைத்து, நத்தார் காலத்திலே வழியோரமாக வரிசையாக அடுக்குவார்கள். லுமினாரியா என்று பெயர். சான் அன்ரோனியோ நகரத்து ஆற்றங்கரை நடைபாதையிலே மார்கழி மாத வார இறுதிகளிலே அவற்றைக் காணலாம். நாங்கள் செய்யும்போது பைக்குள்ளே நெருப்பு வேண்டாம், எல்.ஈ.டி. விளக்கே போதும். ஊரிலே மண் முற்றம் இருந்தது. இங்கே பலகை வீடும் கம்பள விரிப்பும்.

இந்த இடத்திலே ஒரு எச்சரிக்கையைச் சொல்லவேண்டும். ஜாம் போத்தல் விளக்கைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டலாம், ஆனால் மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்த வேண்டாம். போத்தலின் வெளிப்புறத்திலே பழைய நிறக் கடதாசித் துண்டுகளை மாப்பசையாலே ஒட்டி, உள்ளே பற்றரி விளக்கு வையுங்கள். கதை அதேதான், வெளிச்சம் மட்டும் வேறு. மின்சாரம் போனாலும் கரி அடுப்பையோ ஜெனரேற்றரையோ வீட்டுக்குள்ளேயும் கராஜுக்குள்ளேயும் வைக்கக்கூடாது. 2021 புயலின்போது அப்படிச் செய்து, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மொனொக்சைட் வாயுவாலே இறந்தவர்கள் ரெக்சாஸிலே இருக்கிறார்கள்.

மூன்றாவது தோரணம். சீரியல் பெட்டியை விரித்து, உட்புறம் வெளியே தெரியத்தக்கதாக மாவிலை வடிவத்திலே வெட்டுங்கள். நடுவிலே அடிமட்டத்தை வைத்து, எழுதி முடிந்த போல்பொயின்ற் பேனையாலே அழுத்தி ஒரு கோடு இழுத்தால் நடு நரம்பு வந்துவிடும். பச்சை நிறம் பூசி, அரிசிப் பையின் வாயிலே தைத்திருக்கிற நூலை இழுத்தெடுத்து, அதிலே கோருங்கள். இடையிடையே முட்டைப் பெட்டியின் குழிகளை வெட்டி, ஓரத்தை நான்கு இதழாகக் கத்தரித்து, மஞ்சள் பூசிச் செவ்வந்திப் பூவாக வைக்கலாம். கவிழ்த்துப் போட்டு நடுவிலே ஒரு தெறியைத் தொங்கவிட்டால் மணி. குருத்தோலைத் தோரணம் பின்னத் தெரிந்த தாத்தா இருந்தால் பழுப்புக் கடதாசிப் பையைப் பட்டியாக வெட்டிக் கொடுத்துப் பாருங்கள். நல்ல காரியத்துக்குக் கட்டுகிற தோரணம் வேறு, துக்க வீட்டுத் தோரணம் வேறு என்பதை அவரே பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார்.

இந்தத் தோரணத்திலே ஒரு வசதி இருக்கிறது. கார்த்திகை விளக்கீட்டுக்குக் கட்டினால் நத்தாருக்கும் நிற்கும், புதுவருடத்துக்கும் நிற்கும், தைப்பொங்கல் வரைக்கும் அவிழ்க்கத் தேவையில்லை. நத்தாருக்குப் பனிப்பூவைச் சேர்க்கலாம், பொங்கலுக்கு அதைக் கழற்றிவிட்டுக் கரும்பும் சூரியனும் சேர்க்கலாம். எங்கள் வீடுகளிலே சைவரும் இருக்கிறார்கள், கிறிஸ்தவரும் இருக்கிறார்கள், ஒரே வீட்டிலே இரண்டு பேரும் இருக்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பாலன் குடில் இருக்கிறது. ஊரிலே சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கி மலையும் குகையும் செய்தோம். இங்கே மளிகைக் கடைப் பை அதே வேலையைச் செய்யும். சப்பாத்துப் பெட்டி ஒன்றைப் படுக்கவைத்து, கசக்கிய பையைப் பசை தடவி ஒட்டினால் குடில் ஆயத்தம். ஆட்டுக்குட்டிக்கு மருந்துப் போத்தல் பஞ்சு.

செய்முறை இவ்வளவு போதும். இனி மேசையைச் சுற்றி நடக்கிற பேச்சுக்கு வருகிறேன்.

எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. வகுப்பிலே இருத்தி "இது என்ன?" என்று கேட்டால் வாய் மூடிவிடும். கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கிறது. ஏனென்றால் அங்கே சொல் தேவைப்படுகிறது. வெட்டு, மடி, விரி, கோர், ஒட்டு, நெரி, கசக்கு, பிடி, விடு, இழு, அமத்து. ஒரு பின்னேரத்திலே இருபது வினைச்சொல் காதிலே விழும், அத்தனையும் கையோடு சேர்ந்து விழும். "அந்தக் கத்தரிக்கோலை எடுத்துத் தா" என்பதைப் பிள்ளை மொழிபெயர்த்து விளங்கிக்கொள்வதில்லை, எடுத்துத் தந்துவிடுகிறது. அது போதும். பிழை திருத்த வேண்டாம். பிள்ளை ஆங்கிலத்திலே கேட்டால் தமிழிலே பதில் சொல்லுங்கள், வேலையை நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று கொஞ்சம் கனமான விடயம். எங்கள் வீடுகளிலே பேசாத பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலே குடும்ப வரலாறு எழுதக் கொண்டுவந்து "அம்மம்மா, நீங்கள் ஏன் இங்கே வந்தனீங்கள்?" என்று கேட்டால், "அதை ஏன் பிள்ளை இப்ப" என்று எழும்பிப் போய்விடுவார்கள். நேருக்கு நேர் கேட்கிற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் இது. தாழ்வாக ஒரு விமானம் போனால், இத்தனை வருடத்துக்குப் பிறகும், கையிலே இருப்பதை அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிற வயோதிபர்களை நான் கண்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அது ஏன் என்று தெரியாது.

அப்படிப்பட்ட ஒருவரின் கையிலே ஒரு வெறும் பேணியைக் கொடுத்துவிட்டு, "நீங்கள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது இதிலே என்ன செய்வீர்கள்?" என்று பேரப்பிள்ளை கேட்கட்டும். இது வேறு கேள்வி. இதற்குப் பதில் இருக்கிறது. இரண்டு பேணியும் ஒரு நூலும் வைத்து ரெலிபோன் செய்த கதை வரும். பால்மாப் பேணி மூடியிலே சில்லு வைத்து வண்டில் ஓட்டிய கதை வரும். பிறகு விளக்கின் கதை வரலாம், அந்த விளக்கு எரிந்த வீட்டின் கதையும் வரலாம். வராமலும் விடலாம். வந்தால் இடையிலே குறுக்கிடாமல் கேளுங்கள். வராவிட்டால் கிண்டிக் கேட்க வேண்டாம். கண் கலங்கினால் பிள்ளையை எழுப்பி அனுப்பவும் வேண்டாம். பக்கத்திலே இருந்து பசை தடவிக்கொண்டிருக்கட்டும். பக்கத்திலே ஒருவர் பேசாமல் இருப்பதே பெரிய ஆறுதல் என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் பழகுவார்கள். அதிகம் சொல்லத்தகாத வயதிலே இருக்கிற பிள்ளைக்குப் போத்தலின் கதையே போதும், போரின் கதை பிறகு வரலாம்.

செய்த பொருளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகக் கூச்சப்படுகிற பிள்ளைகளும் உண்டு. மற்றப் பிள்ளைகள் கடையிலே வாங்கியதைக் கொண்டுவரும்போது எங்கள் பிள்ளை பேணியோடு நிற்கவேண்டுமே. அதற்கு ஒரு வசனத்தைக் கொடுத்து அனுப்புங்கள். "இது என் அம்மா படித்த விளக்கு. ஊரிலே மின்சாரம் இல்லாதபோது இப்படித்தான் செய்தார்கள்." இதை ஆங்கிலத்திலே சொல்லட்டும், பரவாயில்லை. கடையிலே வாங்கிய பந்துக்குச் சொல்ல ஒரு கதையும் இல்லை. எங்கள் பிள்ளைக்கு இருக்கிறது. கதை தெரிந்த பிள்ளைக்குக் கூச்சம் நிற்காது.

கடைசியாகச் சில நடைமுறை விடயங்கள். மினுமினுப்புத் தூள் வாங்க வேண்டாம். அது பொடிப் பிளாஸ்ரிக். கடதாசியிலே ஒட்டினால் அந்தக் கடதாசியை மறுசுழற்சிக்கும் போடமுடியாது, கழுவினால் தண்ணீரோடு போய்விடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 இலே பிளாஸ்ரிக்காலான உதிரி மினுமினுப்புத் தூள் விற்பதைத் தடைசெய்துவிட்டது. பளபளப்பு வேண்டுமானால் தேயிலைப் பெட்டிக்குள்ளே இருக்கிற வெள்ளித் தாளைப் பொடியாக வெட்டி ஒட்டுங்கள். சூடான பசைத் துப்பாக்கி பெரியவர் கையிலே மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்து கழற்றும்போது வெறும் மட்டையும் வெறும் தகரமும் மறுசுழற்சித் தொட்டிக்குப் போகலாம். நிறமும் பசையும் அதிகம் பட்டவை குப்பைக்கே போகவேண்டும்.

எல்லாவற்றையும் எறிந்துவிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு பொருளை மட்டும் எடுத்து வையுங்கள். அதன் பின்பக்கத்திலே செய்தவரின் பெயர், வருடம், யாரோடு இருந்து செய்தது என்பவற்றைப் பிள்ளையே தமிழிலே எழுதட்டும். எழுத்து கோணலாக இருக்கலாம், "ண"வும் "ன"வும் மாறலாம். அப்படியே விடுங்கள். ஊரிலிருந்து வரும்போது எங்களிலே பலர் ஒரு புகைப்படம்கூடக் கொண்டுவரவில்லை. அம்மம்மாவோடு இருந்து செய்தது என்று எழுதிய ஒரு தேங்காய்ப்பால் ரின், இன்னும் முப்பது வருடத்திலே அந்தப் பிள்ளையின் வீட்டிலே என்ன பெறுமதி பெறும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தத் தகப்பனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அவருக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: உங்கள் பிள்ளை பேணி பொறுக்கத் தேவையில்லை. உங்கள் பக்கத்திலே இருந்து, நீங்கள் ஒரு பேணியை விளக்காக்குவதைப் பார்க்கட்டும். அவர் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆணி எத்தனை அங்குலம் வேண்டும் என்று கேட்டார். ஒன்றரை அங்குலம் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

நேயர்களே, இந்தச் சனிக்கிழமை மூலையிலே ஒரு பெட்டியை வைத்துத் தொடங்குங்கள். எல்லோருக்கும் விளக்கீடு, நத்தார், பொங்கல் வாழ்த்துகள். மீண்டும் அடுத்த மாத உரையிலே சந்திப்போம்.